கிரானைட்டா, மைக்காவா? 1976 மோட்டார்ஹோமுக்கு ஒரு கிச்சன் மேடை

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு கோடிங் கிடையாது, கார்பென்டரி.

என் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் மிச்சிகன்ல இருக்கான். ரெண்டு வருஷம் முன்னாடி அவனும் அவன் மனைவியும் சேர்ந்து 1976 மாடல் ஜிஎம்சி மோட்டார்ஹோம் ஒண்ணு வாங்கினாங்க. உள்ளேயே படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கிற வண்டி. நானும் அதே ஊர்ல வேலை பார்க்கிறதால, சனி ஞாயிறுல ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற ஆள் நான்தான்.

இந்த வண்டியைப் பத்தி ரெண்டு வரி சொல்லியே ஆகணும். 1973-லிருந்து 1978 வரைக்கும், மிச்சிகன்ல பான்டியாக் நகரத்துல தயாரிச்சாங்க. மொத்தமே சுமார் 13,000 வண்டிதான். 7.5 லிட்டர் ஓல்ட்ஸ்மொபைல் எஞ்சின், முன்சக்கர டிரைவ். பின்னாடி போற டிரைவ் ஷாஃப்ட் இல்லாததால தரை ரொம்பத் தாழ்வா இருக்கும். அலுமினியக் கூடு, மேல பாதி அலுமினியத் தகடு, கீழ ஃபைபர். 1981-ல வந்த 'ஸ்ட்ரைப்ஸ்' படத்துல ராணுவ வண்டியா வேஷம் போட்டு வருமே, அதேதான்.

எஞ்சின் முடிஞ்சது, பிரேக் முடிஞ்சது, கிச்சனுக்கு வந்தோம். பழைய மேடை சிங்க்கைச் சுத்தி முட்டை பஃப்ஸ் மாதிரி ஊதிப்போய் இருந்துச்சு. சரி, புதுசு போடலாம். ஃப்ரெண்டோட அம்மா வீடியோ கால்ல பார்த்துட்டு, "ஏன்டா, இவ்வளவு செலவு பண்றீங்க, மேடைக்கு ஒரு கிரானைட் போடக்கூடாதா?"ன்னு கேட்டாங்க. கிருஷ்ணகிரிக்காரங்க, வேற எப்படிக் கேப்பாங்க? இவனும் ஒரு கல் கடையில மிச்சத் துண்டு ஒண்ணு பார்த்து 200 டாலர் அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துட்டான். கறுப்பு கிரானைட், 3 சென்டிமீட்டர் கனம். பார்க்க உண்மையிலேயே அட்டகாசமா இருந்துச்சு.

அப்போதான் நான் கால்குலேட்டரை எடுத்தேன். அன்னிலிருந்து அவங்க வீட்ல எனக்கு நல்ல பேர் இல்ல.

ஒரு சதுர மீட்டர்னு வெச்சுக்கலாம். எங்க மேடை அதைவிடக் கொஞ்சம் சின்னது, ஆனா ஒப்பிட வசதி. 3 செ.மீ. கிரானைட் 80 கிலோ. 2 செ.மீ. குவார்ட்ஸ், அதாவது கல்தூளை ரெசின்ல கலந்து செய்யற செயற்கைக் கல், 48 கிலோ. 38 மி.மீ. மேப்பிள் மரப் பலகை 27 கிலோ. 12 மி.மீ. கோரியன் மாதிரி அக்ரிலிக் பலகை 20 கிலோ. 12 மி.மீ. பிளைவுட் மேல 1.2 மி.மீ. ஸ்டீல் தகடு ஒட்டினா 17 அல்லது 18. அதே பிளைவுட் மேல மைக்கா ஷீட் ஒட்டினா 10 கிலோ.

80-க்கும் 10-க்கும் நடுவுல ஒரு ஆள் உட்கார்ந்திருக்கான். அந்த ஆள் 70 கிலோ, தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்துல, வண்டியோட ஒரே பக்கத்துல, வண்டி ஓடுற வரைக்கும் எழுந்திருக்காம உட்கார்ந்திருப்பான். இப்படிச் சொன்னதும் ஃப்ரெண்டோட மனைவி சிரிச்சுட்டாங்க. அவன் சிரிக்கல. "மச்சான், இது நாலு டன்னுக்கு மேல உள்ள வண்டிடா, 70 கிலோ ஒரு மேட்டரா?"ன்னான்.

அவன் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. 70 கிலோவால வண்டி படுத்துடாது. ஆனா ஒரு வண்டி எவ்வளவு எடை தாங்கலாம்னு கம்பெனி ஒரு உச்சவரம்பு போட்டிருக்கும். தண்ணி டேங்க், பேட்டரி, கேஸ் சிலிண்டர், துணிமணி, ஆட்கள் எல்லாம் அதுக்குள்ளதான் அடங்கணும். தண்ணி மட்டும் 100 லிட்டருன்னா 100 கிலோ. அமெரிக்க ஹைவேல லாரிங்க நிக்கிற இடங்கள்ல 'கேட் ஸ்கேல்'னு எடை மேடை இருக்கும். சில டாலர் கொடுத்தா ஒவ்வொரு ஆக்சிலுக்கும் தனித்தனியா எடை போட்டுத் தருவாங்க. மேடை வாங்கறதுக்கு முன்னாடி அங்க ஒரு தடவை போயிட்டு வாங்க.

எடையைவிட என்னைப் பயமுறுத்தினது வேற விஷயம். 50 கி.மீ. வேகத்துல போற வண்டி எதுலயாவது மோதி ஒரு மீட்டருக்குள்ள நின்னா, உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் அதோட எடை மாதிரி பத்து மடங்கு விசை வரும். 80 கிலோ கல் 800 கிலோ மாதிரி முன்னாடி தள்ளும். முன்னாடி யார்? டிரைவர். அந்தக் கல்லைப் பிடிச்சு வெச்சிருக்கிறது என்ன? எங்க வண்டியில, ஸ்டேப்பிள் அடிச்ச மெல்லிசான பிளைவுட் கேபினட்டும், அதைத் தரையோட சேர்த்த நாலு ஸ்க்ரூவும். வீட்ல கிரானைட் பெரும்பாலும் தன்னோட எடையிலேயே உட்கார்ந்திருக்கும். ஏன்னா வீடு பிரேக் போடாது.

அட்வான்ஸ் திரும்ப வரல. அதுக்கப்புறம்தான் நிஜமான தேடல் ஆரம்பிச்சுது.

ஓடுற வண்டி முறுக்கும். வீட்டு வாசல்ல ஏத்தும்போது ஒரு சக்கரம் முதல்ல ஏறும், முழு உடம்பும் லேசாத் திருகும். டைல் ஒட்டி நடுவுல சிமென்ட் பூசின மேடை, அந்தக் கோடுகள்ல முதல்ல விரியும். அப்புறம் அந்த விரிசல் வழியா தண்ணி இறங்கும். கல்லுன்னா, சிங்க்குக்கு வெட்டின ஓட்டைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு கை அகலத்துக்கு மீதி இருக்குமே, அங்கதான் உடையும். குவார்ட்ஸை எடை காரணமாவே தள்ளிட்டோம், ஆனா இன்னொரு காரணமும் இருக்கு. அதுல 90 சதவீதம் வரைக்கும் சிலிக்கா இருக்கலாம். அதை வெட்டுற தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வருதுன்னு 2024 ஜூலை 1-லிருந்து ஆஸ்திரேலியா தடையே பண்ணிடுச்சு. சமைக்கிறவங்களுக்கு ஆபத்து இல்ல, வெட்டுறவங்களுக்குத்தான். யூடியூப் பார்த்துட்டு வீட்டு வாசல்ல கிரைண்டர் வெச்சு வெட்டுற ஆட்கள் தயவுசெஞ்சு நிறுத்துங்க.

அடுத்தது வெப்பம். மிச்சிகன் குளிர்காலத்துல வண்டி உள்ள மைனஸ் 15, அரிசோனா வெயில்ல மூடி வெச்சா 50-ஐத் தாண்டும். அக்ரிலிக் பலகை இதுக்கு நல்லாவே நீளும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்குக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 3 மி.மீ. வருது. அதனாலதான் அதைக் கெட்டியான பசை போட்டு ஒட்ட மாட்டாங்க, அங்கங்க சிலிக்கான் பொட்டு வெச்சு, சுவரோரம் இடைவெளி விட்டு வைப்பாங்க. ஒழுங்கா வெச்சா அது நல்ல சாமான். 1967-ல டுபாண்ட் கோரியனைக் கண்டுபிடிச்சுது, அதனால 1976 வண்டிக்குக் காலமும் பொருந்தும். கீறல் விழுந்தா தேய்ச்சு எடுத்துடலாம். பட்ஜெட் இருக்கிறவங்க கண்ணை மூடிட்டு இதுக்குப் போகலாம். எங்களுக்குக் கட்டுப்படியாகல.

மரம் வெப்பத்துக்கு அசையாது, ஈரப்பதத்துக்கு அசையும். 55 செ.மீ. அகல மேப்பிள் பலகை குளிர்காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் நடுவுல 5 மி.மீ.க்கு மேல கூட விரிஞ்சு சுருங்கலாம். ஸ்க்ரூவை இறுக்கி முடுக்கினா பலகை பிளந்துடும், நீள ஓட்டை போட்டு நகர இடம் கொடுக்கணும். இன்ஸ்டாகிராம் வேன்கள்ல நீங்க பார்க்கிற அழகான மர மேடை எல்லாம் மாசாமாசம் எண்ணெய் கேக்கும், அதை ரீல்ஸ்ல காட்ட மாட்டாங்க. ஸ்டீல் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நம்ம ஊர் ஹோட்டல் கிச்சன் மாதிரி, தோசைக்கல்லை அப்படியே இறக்கி வைக்கலாம். ஆனா பிளைவுட்டோட முழுசா ஒட்டலேன்னா ஓட்டும்போது தகரக் கொட்டகை மாதிரி சத்தம் போடும். அதோட அது 70-கள் வண்டிக்குள்ள ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னு ஃப்ரெண்டோட மனைவி வீட்டோ போட்டுட்டாங்க.

மிச்சம் இருந்தது மைக்கா. கடைசியில பழைய மேடையில இருந்த அதே சாமான்தான்.

இங்க ஒரு சின்ன கதை. 1912-ல வெஸ்டிங்ஹவுஸ்ல வேலை பார்த்த ரெண்டு எஞ்சினியர்கள், மின்சாதனங்கள்ல இன்சுலேஷனா இருந்த அபிரகத்துக்கு, அதாவது மைக்காவுக்கு, மாற்றா ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. மைக்காவுக்குப் பதில்ங்கிறதுதான் ஃபார்மைக்கா. நம்ம ஊர்ல சன்மைக்கா, மைக்கான்னு சொல்றோமே, அதுல மைக்கா துளி கூட கிடையாது. பழுப்புக் காகிதத்தை ஃபீனாலிக் ரெசின்ல முக்கி அடுக்கி, மேல டிசைன் காகிதம், அதுக்கு மேல மெலமைன் ரெசின், எல்லாத்தையும் சூட்டுல பெரிய அழுத்தத்துல அழுத்தினா ஒரு மில்லிமீட்டர் ஷீட் கிடைக்கும். அம்பது வருஷம் காபி, மஞ்சள், கத்தி எல்லாம் பார்த்தும் எங்க பழைய ஷீட்டோட மேல்பரப்பு நல்லாத்தான் இருந்துச்சு!

அப்போ ஊதினது எது? அடியில இருந்த பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையில அமுக்கின பலகை அது. சிங்க்குக்கு வெட்டின ஓரத்தை யாரும் சீல் பண்ணல. தண்ணி அந்தப் பச்சை ஓரத்துல புகுந்துச்சு, பலகை ஊதிச்சு. ஒரு தடவை ஊதினா அது திரும்பச் சுருங்காது. ஃப்ரன்ட்எண்ட் பக்காவா இருந்துச்சு, பேக்எண்ட்தான் க்ராஷ். நாங்க ரெண்டு வாரமா எந்த மேல்பரப்புன்னு சண்டை போட்டோம். மேடையைக் கொன்னது நாங்க பார்க்காத பலகையும், வெட்டின ஓரமும்.

அதனால அடிப்பலகை நல்ல பிர்ச் பிளைவுட். சிங்க், அடுப்பு ஓட்டைகளோட ஓரத்துக்கு எபாக்சி மூணு கோட். அடிப்பக்கத்துக்கும் ஒரு மைக்கா ஷீட், இல்லேன்னா ஒரு பக்கம் மட்டும் ஒட்டின பலகை வளையும். பலகை வாங்கும்போது ஃபார்மால்டிஹைட் முத்திரையும் பாருங்க. 2005 கத்ரீனா புயலுக்கு அப்புறம் வீடிழந்தவங்களுக்கு அமெரிக்க அரசு டிரெய்லர் வீடுகள் கொடுத்துச்சு. உள்ள இருந்தவங்களுக்குக் கண் எரிச்சல், மூச்சுத் தொந்தரவு. அரசோட நோய்க்கட்டுப்பாட்டு மையம் 519 டிரெய்லர்கள்ல அளந்தப்போ, காற்றுல ஃபார்மால்டிஹைட் சராசரி நூறு கோடில 77 பங்கு. சாதாரண வீட்டுல இருக்கிறதைவிடப் பல மடங்கு. பலகைகளோட பசைதான் அதுக்கு முக்கியக் காரணம். 2010-ல இதுக்குச் சட்டம் வந்துச்சு. இப்போ அங்க விக்கிற பிளைவுட், எம்டிஎஃப் மேல 'டிஎஸ்சிஏ டைட்டில் 6'னு அச்சடிச்சிருக்கும். சின்ன இடத்துல ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்குற உங்களுக்கு அந்த வரி முக்கியம்.

இப்போ நாங்க பண்ணின முட்டாள்தனம். மைக்காவை ஒட்ட கான்டாக்ட் சிமென்ட்னு ஒரு பசை. பலகைலயும் ஷீட்லயும் தடவி, கையில ஒட்டாத அளவுக்குக் காய விட்டு, அப்புறம் சேர்க்கணும். சேர்த்தா சேர்த்ததுதான், நகர்த்த முடியாது. அளவு பார்க்க வசதின்னு நாங்க வண்டிக்கு உள்ளேயே உட்கார்ந்து தடவிட்டிருந்தோம். வெளியில மழை, கதவைச் சாத்தியிருந்தோம். ஃப்ரெண்டோட மனைவி டீ கொண்டு வந்தவங்க வாசல்லயே நின்னு, "என்னங்க, ஃப்ரிட்ஜ் ஆன்ல இருக்கு, கேஸ்லதானே ஓடுது?"ன்னாங்க.

ரெண்டு பேருக்கும் கை அப்படியே நின்னுடுச்சு.

பழைய மோட்டார்ஹோம் ஃப்ரிட்ஜ் புரொப்பேன் கேஸ்ல ஓடும். அடியில ஒரு சின்ன நெருப்பு எரிஞ்சுட்டே இருக்கும். கான்டாக்ட் சிமென்ட்டோட ஆவி காத்தைவிடக் கனம், கீழ இறங்கித் தரையோட தேங்கும். அதுவும் தீப்பிடிக்கிற ஆவி. பர்னர் இருக்கிற அறை வண்டி உள்பக்கத்திலிருந்து தனியா அடைச்சிருக்கணும், ஆனா அம்பது வருஷ சீலை எந்த நம்பிக்கையில நம்புறது? வெளிய இறங்கி சிலிண்டரை மூடினோம். எந்த ஸ்விட்சையும் தொடல. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விட்டுட்டு மழையில நின்னோம். ஒண்ணும் ஆகல. அந்த டீயை யாரும் குடிக்கல.

அதுக்கப்புறம் முழு வேலையும் வெளியிலதான். அட்டையில வண்டிச் சுவரோட வளைவுக்கு டெம்ப்ளேட் வெட்டி, அது கதவு வழியா உள்ள போகுதான்னு பார்த்து, மேடையைத் திறந்தவெளியில ஒட்டி முடிச்சு ஒரே துண்டாத் தூக்கிட்டுப் போனோம். கராஜ்ல பண்றவங்களும் அங்க கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கான்னு பாருங்க, அதுலயும் பைலட் நெருப்பு இருக்கலாம். ஷீட்டை இறக்கும்போது நடுவுல குச்சிகளை அடுக்கி வெச்சு, சரியா உட்கார்ந்ததும் ஒவ்வொண்ணா உருவணும். எங்க முதல் ஷீட் 4 மி.மீ. கோணலா உட்கார்ந்துடுச்சு, பிச்சு எறிஞ்சுட்டு ரெண்டாவது வாங்கினோம்.

ஒரே ஒரு குறை, சூடு. மைக்கா 130 டிகிரி வாக்குலதான் தாங்கும். அடுப்புலேர்ந்து இறக்கின தோசைக்கல் 200 இருக்கும், நேரா வெச்சா கொப்புளம் போட்டுடும். அதனால மேடையோரம் ஒரு சின்ன ஸ்டீல் தட்டைப் பதிச்சு வெச்சோம். அம்மா வீடியோ கால்ல மறுபடி பார்த்தாங்க. வெளிர்பச்சை மைக்கா, ஓரத்துல அலுமினியப் பட்டி. "நம்ம பழைய ரேஷன் ஆபீஸ் டேபிள் மாதிரி இருக்குடா"ன்னாங்க.

அடுத்த எபிசோடுல அந்த ஃப்ரிட்ஜைப் பத்திப் பேசுவோம். நெருப்பை எரிச்சு எப்படி ஐஸ் பண்றாங்கன்னு.