புஜ்ஜி (திரைப்பட வாகனம்)

புஜ்ஜி என்பது ‘கல்கி 2898 ஏடி’ என்னும் அறிவியல் புனைவுத் திரைப்படத்திற்காக முழு அளவில் கட்டப்பட்ட, உண்மையிலேயே சாலையில் ஓடக்கூடிய மூன்று சக்கர மின்வாகனம் ஆகும். நாக் அஸ்வின் இயக்கி, வைஜெயந்தி மூவிஸ் தயாரித்த இப்படம் 2024 ஜூன் 27 அன்று வெளியானது. பிரபாஸ் நடித்த பைரவா என்னும் பாத்திரத்தின் வாகனமாகவும் பேசும் துணையாகவும் புஜ்ஜி வருகிறது. இதற்குக் குரல் கொடுத்தவர் நடிகை கீர்த்தி சுரேஷ். படம் தெலுங்குப் படம் என்றாலும், வாகனத்தின் பொறியியல் பணியிலும் கட்டுமானத்திலும் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

பின்னணி: திரைப்பட மாதிரிகள்

கணினி வரைகலை வருவதற்கு முன், விண்கலங்களையும் எதிர்கால வாகனங்களையும் திரையில் காட்ட மாதிரிகளே பயன்பட்டன. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) படத்தின் டிஸ்கவரி விண்கலத்துக்கு 54 அடி நீள மாதிரி செய்யப்பட்டது. ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்தின் மாதிரிகளைச் செய்தவர்கள், கடையில் விற்கும் பீரங்கி வண்டி, விமானப் பொம்மைத் தொகுப்புகளை வாங்கி, அவற்றின் சிறு உறுப்புகளை மாதிரியின் மேற்பரப்பில் ஒட்டினார்கள். நுணுக்கமான சிறு உறுப்புகள் நிறைந்திருந்தால் பொருள் மிகப் பெரியது எனக் கண் நம்பிவிடும்.

இம்மாதிரிகளின் துல்லியமான படிகளைச் செய்வது உலகின் பல நாடுகளில் பலர் ஈடுபடும் பொழுதுபோக்கு. இதில் உள்ள ஒரு சிக்கல், மூல மாதிரியே முழுமையாக இல்லாமல் இருப்பது. ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடருக்காக 1964இல் செய்யப்பட்ட எண்டர்பிரைஸ் கலத்தின் 11 அடி மாதிரி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் வலப்பக்கமே படம்பிடிக்கப்பட்டதால், இடப்பக்கம் முழுமையாக்கப்படாமல், மின்கம்பிகள் செல்லும் பக்கமாக விடப்பட்டது. படி செய்பவர் அந்தப் பக்கத்தைத் தாமே ஊகித்து முடிக்க வேண்டும்.

புஜ்ஜி இவற்றிலிருந்து வேறுபடுகிறது. ஓவியத்தில் பிறந்த வடிவத்தை முழு அளவில், நடிகர் அமர்ந்து ஓட்டும் வாகனமாகவே கட்டியதுதான் இதன் சிறப்பு. உருமாற்றம் போன்ற காட்சிகளுக்கு மட்டும் கணினி வரைகலை துணைநின்றது.

உருவான விதம்

2022 மார்ச்சில், ‘புராஜெக்ட் கே’ என்ற பெயரில் படம் தயாராகி வந்தபோது, நாக் அஸ்வின் தம் படத்தின் வாகனங்களுக்குப் பொறியியல் உதவி கேட்டு மகிந்திரா குழுமத் தலைவர் ஆனந்த் மகிந்திராவுக்கு டுவிட்டரில் பொதுவாக ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஆனந்த் மகிந்திரா அங்கேயே இசைவு தெரிவித்து, நிறுவனத்தின் வாகன உருவாக்கப் பிரிவுத் தலைவர் ஆர். வேலுசாமியின் குழுவுடன் அவரை இணைத்தார்.

அக்குழு பணிபுரியும் மகிந்திரா ரிசர்ச் வேலி, செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ளது. இயக்க அமைப்பை எப்படி வைப்பது, வாகனம் எவ்வாறு ஓடும் என்று கணினியில் முன்கூட்டியே சோதிப்பது ஆகியவற்றில் இக்குழு உதவியது. மோட்டார் பந்தய வாகனங்களுக்குப் பெயர்பெற்ற கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனம் வாகனத்தைக் கட்டுவதில் கைகோத்தது. டயர்களைச் சியட் நிறுவனம் இதற்கெனவே உருவாக்கியது.

2024 மே 22 அன்று ஐதராபாத் ராமோஜி திரைப்பட நகரில் புஜ்ஜி முதன்முதலாகப் பொதுமக்கள் முன் ஓட்டிக் காட்டப்பட்டது. பின்னர் சென்னை, மும்பை உள்ளிட்ட நகரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கோவையைச் சேர்ந்த முன்னாள் ஃபார்முலா 1 பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனும் இதை ஓட்டிப் பார்த்தார்.

அளவுகள்

நீளம்: 6,075 மி.மீ.
அகலம்: 3,380 மி.மீ.
உயரம்: 2,186 மி.மீ.
எடை: சுமார் 6 டன்
சக்கர வளையம்: 34.5 அங்குலம்
மின்கலத் தொகுதி: 47 கிலோவாட் மணி
திறன்: 94 கிலோவாட் (இரண்டு மின்மோட்டார்கள்)
முறுக்குவிசை: 9,800 நியூட்டன் மீட்டர்

இந்த எண்களைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்த்தால் வாகனத்தின் தன்மை விளங்கும். 47 கிலோவாட் மணி ஆற்றலை 94 கிலோவாட் திறனால் வகுத்தால் அரை மணி நேரம் வருகிறது. அதாவது, முழுத் திறனில் ஓட்டினால் மின்கலம் அரை மணியில் தீர்ந்துவிடும். நெடும்பயணத்துக்கு இது போதாது, படப்பிடிப்புக்குப் போதும்.

அடுத்து, திறனை முறுக்குவிசையால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 9.6 ரேடியன், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 92 சுற்று கிடைக்கிறது. சுழற்சி அதைவிடக் கூடினால், அதே திறனில் முறுக்குவிசை குறைந்தே ஆக வேண்டும். மோட்டாரின் வேகமான சுழற்சி பற்சக்கரங்களால் மெதுவாக்கப்பட்டு, சக்கரத்தில் கிடைக்கும் விசையே 9,800 என்பது இதிலிருந்து தெரிகிறது. 6 டன் எடையை நின்ற நிலையிலிருந்து நகர்த்த இந்த மெதுவான, வலுவான சுழற்சி தேவை.

பெரிதாக்குவதில் உள்ள சிக்கல்

திரைப்படக் குழுவிடம் ஓவியர்களும் தச்சர்களும் இருக்கும்போது வாகன நிறுவனத்தின் உதவி எதற்கு என்று கேட்கலாம். மேசைமேல் உறுதியாக நிற்கும் மாதிரியை அப்படியே பத்து மடங்கு பெரிதாக்கினால் அது உறுதியாக நிற்க வேண்டும் என்பதில்லை. நீளம் பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்கும், கன அளவு ஆயிரம் மடங்கும் ஆகின்றன. எடை கன அளவைப் பின்தொடர்கிறது. எடையைத் தாங்கும் வலிமையோ குறுக்குவெட்டுப் பரப்பைப் பின்தொடர்கிறது.

எடுத்துக்காட்டாக, 6 கிலோ மாதிரி ஒன்று 1 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தூணில் நிற்பதாகக் கொள்வோம். ஒரு சதுர செ.மீ. மீது 6 கிலோ சுமை. பத்து மடங்கு பெரிதாக்கினால் எடை 6,000 கிலோ. தூணின் பரப்பு 100 சதுர செ.மீ. இப்போது ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 60 கிலோ சுமை ஏறுகிறது. வடிவம் மாறவில்லை, ஆனால் சுமை பத்து மடங்காகிவிட்டது. எனவே சட்டகம், தொங்கமைப்பு, தடை (பிரேக்) ஆகியவற்றைப் புதிதாகவே கணக்கிட வேண்டும். உள்ளே மனிதர் அமர்ந்து ஓட்டுவதால் இந்தக் கணக்கில் பிழை இருக்கக் கூடாது.

மூன்று சக்கர அமைப்பு

புஜ்ஜிக்கு முன்னே இரண்டு பெரிய சக்கரங்களும் பின்னே உருண்டை வடிவச் சக்கரம் ஒன்றும் உள்ளன. நாம் தினமும் காணும் ஆட்டோ ரிக்சாவில் இது தலைகீழ்: முன்னே ஒன்று, பின்னே இரண்டு. வளைவில் தடை போடும்போது எடை முன்பக்கமாகச் சாய்கிறது. அங்கே ஒரே சக்கரம் இருந்தால் வண்டி பக்கவாட்டில் கவிழும் வாய்ப்பு அதிகம். இரு சக்கரங்கள் முன்னே அகலமாக இருந்தால் அந்த இடர் குறைகிறது. 2 மீட்டர் உயரத்துக்கு 3 மீட்டருக்கு மேற்பட்ட அகலம் இருப்பதும் நிலைப்புக்கு உதவுகிறது.

மாணவர்கள் படி செய்தல்

அறிவியல் கண்காட்சிக்குப் புஜ்ஜியின் பெரிய படி ஒன்றைச் செய்ய விரும்புவோர் 1:5 அளவைத் தேர்ந்தெடுக்கலாம். நீளம் 121.5 செ.மீ., அகலம் 67.6 செ.மீ., உயரம் 43.7 செ.மீ., சக்கர வளையம் 17.5 செ.மீ. வரும். மேசைமேல் வைக்க 1:10 போதும், நீளம் 60.75 செ.மீ. மட்டுமே. வேலையை இவ்வரிசையில் செய்வது நல்லது.

1. முன், பின், பக்கம், மேல் எனப் பல கோணங்களில் எடுத்த படங்களைத் திரட்டுதல். தெரிந்த ஓர் அளவை (சக்கர வளையம்) அடிப்படையாக வைத்து மற்ற அளவுகளை விகிதத்தால் கண்டறிதல். தொலைவில் உள்ள பகுதி படத்தில் சிறிதாகத் தெரியும் என்பதை மறக்கக் கூடாது.
2. வரைபடத் தாளில் மூன்று பக்கத் தோற்றங்களையும் முழு அளவில் வரைதல். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்திய பிறகே பொருளை வெட்ட வேண்டும்.
3. ஒட்டுப்பலகை அல்லது பிவிசி குழாயால் எலும்புக்கூடு செய்தல்.
4. சன்போர்டு அல்லது தெர்மாக்கோலால் மேலுடல் அமைத்து, இடைவெளிகளைப் பட்டி பூசி நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்தல்.
5. பழைய வானொலி, சைக்கிள், பேனா போன்றவற்றின் உதிரி உறுப்புகளை நுணுக்க வேலைக்குப் பயன்படுத்துதல்.
6. பிரைமர் பூசி, வண்ணம் தீட்டி, ஓரங்களில் தேய்மானமும் புழுதியும் தெரியுமாறு முடித்தல்.

தேய்க்கும்போது முகக்கவசம் அணிய வேண்டும். வண்ணத் தெளிப்பானைக் காற்றோட்டமான இடத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். தெளிப்பு வண்ணமும் சிலவகைப் பசைகளும் தெர்மாக்கோலைக் கரைத்துவிடும் என்பதால் துண்டு ஒன்றில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வாலாஜாபாத் வட்டாரத்தில் முக்கியத்துவம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ள ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் தொழிற்சாலைகளும், வாகனங்களைச் சோதிக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் இயங்குகின்றன. வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டுக்குச் சாலையும் ரயில் பாதையும் உள்ளன. புஜ்ஜிக்குப் பொறியியல் உதவி அளித்த ஆய்வு மையம் அதை ஒட்டியே இருக்கிறது. இவ்வட்டாரத்தில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடிக்கும் இளைஞர்கள் பலருக்கு வாகனத் தொழில் என்றால் உற்பத்தி வரிசையில் ஒரே உறுப்பை நாள் முழுவதும் பொருத்தும் வேலை என்றே தோன்றுகிறது. வரைதல், கணக்கிடுதல், ஒன்றே ஒன்றாக ஒரு புதுப்பொருளைக் கட்டுதல் ஆகியவையும் அதே தொழிலின் பகுதிகளே என்பதற்குப் புஜ்ஜி ஒரு சான்று. அத்தொழிலின் முதல் படி, ஒரு படத்தைப் பார்த்து அதன் அளவைச் சரியாகக் கண்டறியும் விகிதக் கணக்கு. அது உயர்நிலைப் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.