லீவு விட்டாச்சு, பிள்ளைகளுக்கு என்ன செய்து கொடுக்கலாம்?



சித்திரை பிறந்தாச்சு. பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டாச்சு. எள்ளு, உளுந்து போட்டிருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வயலில் இப்போது அதிக வேலை இல்லை. கோடை மழை ஒண்ணு விழுந்தால் உழவு ஓட்டலாமே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். வீட்டிலே பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருக்கும்? ஒண்ணு, கைபேசியை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். இல்லாவிட்டால், ஐஸ்காரர் வந்திருக்கார், பத்து ரூபாய் கொடு என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுக்கும். இந்த இரண்டும் செய்யாத பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் கிணற்றுப் பக்கம் போயிருக்கும். இந்த மூன்றாவது சங்கதியை நினைத்துத்தான் இன்றைக்கு இவ்வளவும் சொல்ல வந்தேன். ஆனால் அதற்கு முன்னால் வாய்க்கு ருசியாகச் சிலது சொல்லிவிடுகிறேன்.

முதலில் நுங்கு. பனை உள்ள ஊர்க்காரர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனாலும் ஒண்ணு சொல்லணும். ரொம்ப முற்றி, கடிக்கிற பதத்துக்கு வந்துவிட்ட நுங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், வயிறு வலிக்கும். கட்டை விரலை விட்டால் தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு வரணும், அதுதான் பதம். தின்ற பிறகு கூந்தலைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். ஒரே அளவில் இரண்டு கூந்தலைப் பார்த்து எடுத்து, ஒரு சாண் நீளக் குச்சியின் இரண்டு நுனியையும் கொஞ்சம் சீவி, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு நடு மையத்தில் குத்தி இறக்குங்கள். மையம் தப்பினால் வண்டி நொண்டும். பிறகு பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குக் கவட்டை உள்ள நீளக் கம்பு ஒண்ணு வெட்டிக் கொடுங்கள். கவட்டையைக் குச்சியின் நடுவில் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி தெருக்கோடி வரைக்கும் ஓடும். கூந்தல் காய்ந்து வெடித்தால் இரண்டு நாளில் வேறு ரெண்டு மாற்றிக்கொள்ளலாம். மிச்சம் இருக்கிறதை நறுக்கிப் போட்டால் மாடு தின்னும்.

அந்தப் பனையிலேயே ஓலை இருக்கிறது. இரண்டு துண்டு ஓலையைக் குறுக்கே மடித்து, நடுவில் ஒரு கருவேல முள்ளைக் குத்திச் சோளத்தட்டையில் செருகிவிட்டால் காற்றாடி. முள்ளை இறுக்கிக் குத்தினால் சுற்றாது, ஓட்டை கொஞ்சம் லூசாக இருக்கணும். இதையெல்லாம் பிள்ளைக்குச் செய்து கொடுப்பதைவிட, அரிவாளை நீங்கள் பிடித்துக்கொண்டு மற்ற வேலையை அதன் கையால் செய்ய விடுங்கள். தானே செய்த வண்டியை எந்தப் பிள்ளையும் சீக்கிரம் தூக்கி எறியாது.

குடிக்கிறதுக்குப் பானகம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வெல்லம், அரை எலுமிச்சம்பழம், கால் ஸ்பூன் சுக்குப் பொடி, தட்டிய ஏலக்காய் இரண்டு, ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். வெல்லத்தில் மண்ணும் சக்கையும் இருக்கும், கரைத்து வடிகட்டிவிடுங்கள். எலுமிச்சை விலை ஏறிக் கிடந்தால் நெல்லிக்காய் அளவு புளி போதும். தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்து மண்பானையில் ஊற்றி வையுங்கள். பானை ஏன் குளிர்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லிக் கொடுங்கள்: பானையில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கின்றன, அதன் வழியாகக் கசிகிற தண்ணீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் காற்றோட்டமான நிழலில், ஈர மணல் மேல் பானையை வைக்கணும் என்கிறோம். மூடின அறைக்குள்ளே வைத்தால் அவ்வளவு குளிராது.

மோர் உங்கள் வீட்டுச் சரக்கு. ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு, உப்புச் சேர்த்துத் திண்ணையில் வைத்துவிட்டால், விளையாடி வருகிற பிள்ளை தானே மொண்டு குடித்துக்கொள்ளும்.

இனித்துக்கொண்டும் புளித்துக்கொண்டும் உறைக்கிற பண்டம் ஒண்ணு உண்டு. புளி மிட்டாய். மாசி, பங்குனியில் உலுக்கின புதுப்புளி வீட்டில் இருக்கும். கொட்டை, நார் எடுத்த புளி ஒரு எலுமிச்சை அளவு, அதே அளவு வெல்லம், ஒரு காய்ந்த மிளகாய், அரை ஸ்பூன் சீரகம், கொஞ்சம் கல் உப்பு எல்லாவற்றையும் உரலில் போட்டு நன்றாக இடியுங்கள். உருட்டி, விளக்குமாற்றில் சேராத புது ஈர்க்கில் அழுத்தி வைத்தால் பிள்ளைகள் ஒரு மணி நேரம் சப்பிக்கொண்டு திரியும். ஈர்க்கின் முனை கூராக இருந்தால் ஒடித்துவிடுங்கள். ஈர்க்கோடு ஓட விடாதீர்கள்.

கடலை மிட்டாயும் வீட்டிலேயே செய்யலாம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மாதிரி வராவிட்டாலும் நம் வீட்டு ருசி நமக்கு. கால் கிலோ கடலைப் பருப்பை வறுத்துத் தோல் நீக்கி வையுங்கள். 175 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு வையுங்கள். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்து உருட்டித் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் கேட்கணும், அதுவே பதம். இந்தச் சத்தம் கேட்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், அடுப்பை மட்டும் நீங்கள் பாருங்கள். கொதிக்கிற பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு பொசுக்கிவிடும்.

இங்கே விவசாயிகளாகிய உங்களுக்கு மூன்று விஷயம் சொல்லணும். விதைக்கென்று மருந்து கலந்து வைத்த கடலையை ஒருபோதும் பண்டத்துக்கு எடுக்காதீர்கள். கழுவினால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அந்த மூட்டையைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் தனியாகக் கட்டி வையுங்கள். அடுத்தது பூசணம். ஈரத்தோடு அடைத்த கடலையில் பச்சையாகவோ மஞ்சளாகவோ பூசணம் பிடித்தால் அதில் அஃப்ளாடாக்சின் என்கிற நச்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும். அதை மாட்டுக்கும் போடக்கூடாது. மூன்றாவது, நாலைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள். மூச்சுக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். பொடித்து வெல்லம் சேர்த்து உருண்டையாகக் கொடுங்கள்.

கடைப் பண்டமே கூடாதா என்று சில தாய்மார்கள் கேட்பார்கள். என்றைக்காவது ஒரு நாள் வாங்கிக் கொடுத்தால் குடி முழுகிவிடாது. ஆனால் கண்ணைப் பறிக்கிற கலர் இருந்தால் யோசிக்கணும். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயைச் சோதனை செய்து பார்த்ததில், துணிக்குப் போடுகிற ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததாகத் தெரிந்து, தமிழ்நாடு அரசு அதற்குத் தடை போட்டது. ஐஸைப் பொறுத்தவரை, கலர் மட்டுமல்ல, எந்தத் தண்ணீரில் செய்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் பானகத்தை நம்பி இருக்காதீர்கள். துணைச் சுகாதார நிலையத்தில் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை வாங்கிக் கரைத்துக் கொடுங்கள். கைக்குக் கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறின தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை தலைதட்டி ஆறு தேக்கரண்டி, உப்பு தலைதட்டி அரைத் தேக்கரண்டி. இந்த அளவு மாறக்கூடாது. உப்புக் கூடினால் ஆபத்து.

அடுத்தது வடாம். வருஷத்துக்கு வேண்டிய வடாத்தை இந்த வெயிலில் போடுகிறோம், அதைப் பிள்ளைகளுக்கு ஒரு திருவிழாவாக ஆக்கிவிடலாம். ஒரு படி பச்சரிசி மாவுக்கு அஞ்சு படி தண்ணீர். நாலு படியைக் கொதிக்க வைத்து, ஒரு படியில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிக் கிளறணும். பச்சை மிளகாய், பெருங்காயம், சீரகம் அரைத்துச் சேர்த்து, மாவு வெந்து பளபளவென்று வந்ததும் இறக்கி, ஆறின பிறகு எலுமிச்சை பிழியுங்கள். உப்பை மட்டும் கை அடக்கிப் போடணும், காய்ந்தால் கரிக்கும். விடியற்காலையிலேயே கிளறிவிட்டால் எட்டு மணிக்குள் பழைய வேட்டியில் ஊற்றி முடித்துவிடலாம். கரண்டியால் வட்டமாக ஊற்ற மூத்த பிள்ளைகள். காக்காய் விரட்டச் சின்னப் பிள்ளைகள். ஒரு கம்பில் கறுப்புத் துணியைக் கட்டிக் கொடுத்து வேப்ப மரத்து நிழலில் உட்கார வைத்துவிடுங்கள். காவலுக்குக் கூலி? பானையின் அடியில் ஒட்டின வடாம் கூழ்தான். உண்மையைச் சொன்னால் பொரித்த வடாத்தைவிட அதுதான் ருசி. சாயந்திரம் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்து உரித்து, இன்னும் இரண்டு நாள் வெயிலில் போட்டு டப்பாவில் அடையுங்கள். பழைய பூச்சிமருந்து டப்பா, வாளி எதுவானாலும், எத்தனை தடவை கழுவியிருந்தாலும், அதில் வேண்டாம்.

கத்திரி வெயில் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி மாசக் கடைசி வரை இருக்கும். அந்த நாட்களில் காலை பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை பிள்ளைகளைத் திண்ணையோடு நிறுத்தி வைக்கணும். வெறுமனே உட்காரச் சொன்னால் உட்காருமா? பரண் மேலே கிடக்கிற பல்லாங்குழியை இறக்குங்கள். பலகை இல்லாவிட்டால் மண்ணில் பதினாலு குழி தோண்டினால் போதும். குழிக்கு அஞ்சு வீதம் 70 புளியங்கொட்டை. எடுத்துப் போட்டுக்கொண்டே போகும்போது ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு', குழிக்காரர் எடுத்துக்கொள்வார். எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று பிள்ளை மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிடும். பாட்டிமார் இந்த ஆட்டத்தில் எமகாதகிகள். எதிரே உட்கார வைத்தால் பேரப்பிள்ளைக்குத் தோற்கவும் பழக்கம் வரும். அப்பாமார்களுக்கு ஆடுபுலி இருக்கிறது. மூணு புலி, பதினைஞ்சு ஆடு. கோடு கிழிக்கக் கரித்துண்டு போதும். வெயில் தாழ்ந்த பிறகு கிட்டிப்புள், பம்பரம், நொண்டி எல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளும், நீங்கள் நடுவில் போகாமல் இருந்தால் சரி. கிட்டிப்புள் அடிக்கிற இடத்தில் சின்னக் குழந்தைகள் நிற்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், புள் கண்ணில் படும்.

இப்போது கிணற்று விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கோடை லீவிலும் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிப் போனதாகப் பேப்பரில் படிக்கிறோம். போகாதே என்று அடித்துப் போட்டால் நமக்குத் தெரியாமல் போகும். அதைவிட நீச்சலை நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீரிலே இருக்கணும், இன்னொருவர் மேலே இருக்கணும். காய்ந்த சுரைக்குடுக்கையையோ காற்றடைத்த டியூபையோ இடுப்பில் கட்டி, கூடவே ஒரு வடக்கயிற்றையும் கட்டி, மறுநுனியை மேலே இருப்பவர் பிடித்துக்கொள்ளட்டும். இறங்குமுன் மோட்டாரை மட்டுமல்ல, மெயினையே அணைத்துவிடுங்கள். ஒயர் பழுதாகித் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் நீச்சல் தெரிந்தவரும் தப்ப முடியாது. பெண் பிள்ளைகளுக்கும் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். துணி துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் குளத்துக்குப் போகிறது அவர்கள்தானே? ஏரி, குளத்தில் மண் அள்ளின பள்ளம் மேலே பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடக்கிற பிள்ளை அடுத்த அடியில் முங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் நாலு கம்பு நட்டுத் துணி கட்டி வையுங்கள்.

யாராவது மூழ்கினால், நீச்சல் தெரியாத பிள்ளைகள் காப்பாற்றுகிறேன் என்று குதிக்கக் கூடாது. ஒருத்தரைத் தேடிப் போய் மூன்று பேர் சாவது இப்படித்தான். கயிறு, சேலை, மூங்கில், காலிக் குடம், எது கிடைக்கிறதோ அதைப் போட்டுவிட்டுக் கத்திக் கூப்பிடணும். இதைப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். வெளியே எடுத்த பிறகு தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சாய்த்து மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதணும், நடுமார்பையும் விட்டுவிட்டு அழுத்தணும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-க்குப் போன் பண்ணட்டும்.

தண்ணீர் வராமல் விட்டுவிட்ட ஆழ்துளைக் குழாய் உங்கள் கொல்லையில் இருக்கிறதா? 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கத்து நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை அப்படி ஒரு குழிக்குள் விழுந்து, நாட்கணக்கில் போராடியும் உயிரோடு எடுக்க முடியவில்லை. சாக்கு, தென்னமட்டை போட்டு மூடுவது மூடினதாகாது. அடியிலிருந்து மேல்வரை மண்ணைக் கொட்டி நிரப்புங்கள். திரும்பவும் உபயோகப்படும் என்றால் இரும்பு மூடி போட்டுப் பற்ற வைத்துவிடுங்கள்.

நீச்சலடித்துவிட்டு வருகிற பிள்ளைக்குப் பசி எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். முதல் நாளே கம்பை இடித்து, உமி போகப் புடைத்துக் குருணையாக்கி, புளிக்க வைத்துக் காய்ச்சிக் கூழாக வைத்துவிடுங்கள். காலையில் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் ஒண்ணு பொரித்து வையுங்கள். சின்னப் பிள்ளைக்கு மிளகாய்க்குப் பதில் ஒரு துண்டு வெல்லம். இரண்டு சொம்பு குடித்துவிட்டுத் திண்ணையிலேயே தூங்கிப் போகும், எழுப்ப வேண்டாம்.