கூந்தலும் உயரம், குரலும் உயரம்

இன்னொரு நா – 12

தெஹ்ரானில் ஒரு மாணவர் ‘ஸபான் வகுப்புக்குப் போகிறேன்’ என்றால், எந்த மொழி என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஸபான் என்றால் பாரசீகத்தில் நாக்கு. மொழிக்கும் அதே சொல்தான். வகுப்பு என்ற சொல்லோடு சேர்ந்துவிட்டால் பேச்சு வழக்கில் அது ஆங்கிலத்தைக் குறிக்கும்.

அந்த வகுப்புகளின் அடையாளம் ஓர் எண்: 504. தெஹ்ரான் பல்கலைக்கழகத்துக்கு எதிரே எங்கெலாப் தெருவில் வரிசையாக இருக்கும் புத்தகக் கடைகளில் ‘பான்ஸதோ சஹார்’ என்று கேட்டால் போதும், எடுத்துத் தந்துவிடுவார்கள். மரே பிராம்பெர்க்கும் இன்னும் இருவரும் அமெரிக்காவில் எழுதிய சொல் பயிற்சி நூல் அது. 42 பாடங்கள், பாடத்துக்கு 12 சொற்கள். பாரசீகப் பொருளோடு ஈரானில் பல பதிப்புகளாகக் கிடைக்கிறது. முதல் பாடத்தின் முதல் சொல் ‘அபேண்டன்’. கைவிடு, விட்டுவிட்டுப் போ என்று பொருள். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆயத்தமாகிறவர்களில் பலர் இந்தப் புத்தகத்தில்தான் தொடங்குகிறார்கள். ஊரைவிட்டுக் கிளம்ப நினைப்பவர் மனப்பாடம் செய்யும் முதல் சொல் அதுவாக அமைந்திருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மனத்தைப் பிசைகிறது.

504 முடிந்தால் 1100 சொற்களுக்கான அடுத்த புத்தகம். கூடவே லைட்னர் பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில் விளக்கிய முறை இது. பெட்டியில் ஐந்து அறைகள். சீட்டின் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறு பக்கம் பொருள். நினைவுக்கு வந்த சீட்டு அடுத்த அறைக்கு நகரும். மறந்துபோன சீட்டு முதல் அறைக்கே திரும்பும். எளிமையான, நேர்மையான பெட்டி. மறதிக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

குழப்பம் வேறு நோய். அதற்கு இந்தப் பெட்டி உதவாது. சில சமயம் அதை வளர்த்தும் விடுகிறது. ‘எகானமிக்’ என்று ஒரு சீட்டு. பின்புறம் ‘எக்தெஸாதி’. பத்து நாள் கழித்து ‘எகானமிக்கல்’ என்று இன்னொரு சீட்டு. பின்புறம் அதே ‘எக்தெஸாதி’. இரண்டும் ஐந்தாவது அறையைத் தாண்டிவிடும், மாணவருக்கு இரண்டும் ‘தெரியும்’. ஆனால் பொருளாதார நெருக்கடி என்று எழுத வேண்டிய இடத்தில் சிக்கனமான நெருக்கடி என்று எழுதிவிடுவார். ‘ஹிஸ்டாரிக்’, ‘ஹிஸ்டாரிக்கல்’ இரண்டுக்கும் ‘தாரீகி’ என்ற ஒரே சொல். நாமும் வரலாற்று நாவல், வரலாற்று வெற்றி என்று ஒரே அடைமொழியால்தானே ஒப்பேற்றுகிறோம்.

பாரசீகத்தில் ‘பொலந்த்’ என்று ஒரு சொல் உண்டு. ஆள் பொலந்த், மலை பொலந்த், கூந்தல் பொலந்த், குரலும் பொலந்த். ஆங்கிலம் இந்த நான்கையும் நான்கு சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது: டால், ஹை, லாங், லவுட். நான்கும் தொடக்கப் பாடச் சொற்கள்தான். எந்தப் பெயரோடு எது சேரும் என்பதில்தான் தேர்ந்த மாணவரும் தடுமாறுவார். காரணம் அவருடைய நினைவாற்றல் குறைவு அல்ல. அவருடைய தாய்மொழி கோடு கிழிக்காத இடத்தில் ஆங்கிலம் கோடு கிழித்திருக்கிறது.

‘கொர்தன்’ இன்னும் சுவையானது. சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் அதுவே. தண்ணீரைக்கூட ‘கொர்தன்’ செய்யலாம். காபி சாப்பிடுகிறீர்களா என்று விருந்தினரைக் கேட்கும் நமக்கு இதில் வியப்பில்லை. அத்தோடு நிற்கவில்லை. குளிரைத் தின்றால் சளி பிடித்தது என்று பொருள், தரையைத் தின்றால் விழுந்தது, துக்கத்தைத் தின்றால் வருந்தியது. தோல்வியும் அடியும்கூடத் தின்னப்படுபவைதான். அடி தின்பதும் மண்ணைக் கவ்வுவதும் நமக்கும் பழக்கமானவை என்பதால் இந்தப் பட்டியலை வாசித்தபோது பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்பது போலிருந்தது.

கடன் விஷயமும் அப்படியே. நாம் கடன் வாங்குகிறோம், கடன் கொடுக்கிறோம். ஈரானியர் ‘கர்ஸ்’ எடுக்கிறார், ‘கர்ஸ்’ கொடுக்கிறார். கற்பதும் கற்பிப்பதும் ‘யாத்’ எடுப்பதும் ‘யாத்’ கொடுப்பதும். ஒரு பெயர், திசை மட்டும் மாறும். ஆங்கிலமோ ‘பாரோ’, ‘லெண்ட்’ என்று ஒன்றோடொன்று ஒட்டில்லாத இரண்டு சொற்களைக் கையில் தருகிறது.

இத்தனைக்கும் ஈரானிய மாணவர்கள் இந்த வகைச் சிக்கலுக்குப் புதியவர்கள் அல்லர். ஆங்கில ‘ஜூ’வின் முதல் ஒலிக்குப் பாரசீகத்தில் நான்கு எழுத்துகள். நாம் ரகர றகரத்தில் திணறுவது போல அவர்கள் அதில் திணறியே வளர்கிறார்கள். ‘கொஸார்’ என்ற ஈற்றை ஓர் எழுத்தால் எழுதினால் நிறுவியவர் என்ற சொல்லில் வரும். வேறோர் எழுத்தால் எழுதினால் நன்றி செலுத்துபவர் என்ற சொல்லில் வரும். ஒலி ஒன்றே. படித்தவர்களும் தவறுகிற இடம் இது. அதைக் கடக்க அவர்கள் ஈற்றைத் தனியாக நம்புவதில்லை, முழுச்சொல்லாகப் பழகுகிறார்கள். அதே பழக்கத்தை ஆங்கிலச் சீட்டிலும் காட்டலாம். ‘எகானமிக்’ என்பதோடு நெருக்கடியையும், ‘எகானமிக்கல்’ என்பதோடு எரிபொருள் குறைவாகக் குடிக்கும் காரையும் எழுதினால், பின்புறத்தில் ஒற்றைப் பாரசீகச் சொல்லுக்கு வேலையே இல்லை.

கடினச் சொல் பட்டியல்களில் ‘செரண்டிபிட்டி’ தவறாமல் வரும். தேடாமலே நல்லது கிடைப்பது. ஹோரஸ் வால்போல் 1754-ல் ஒரு கடிதத்தில் உருவாக்கிய சொல். செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள் என்ற கதையிலிருந்து எடுத்தார். அந்தக் கதை 1557-ல் வெனிஸில் இத்தாலிய மொழியில் அச்சானது. அதற்கு முன்பே அமீர் குஸ்ரோவின் பாரசீகக் கவிதையில் அதன் வேர் இருக்கிறது. ஸரந்தீப் என்பது இலங்கைக்குப் பாரசீகர் வழங்கிய பெயர். இந்தச் சீட்டின் பின்புறத்தில் ஈரானிய மாணவர் பொருள் எழுத வேண்டாம், ‘ஸரந்தீப்’ என்று எழுதினாலே போதும்.

எழுத்தில் தெரியாத குழப்பங்களும் உண்டு. மேற்குத் திசைக்கான ஆங்கிலச் சொல்லையும் உள்பனியனுக்கான ஆங்கிலச் சொல்லையும் பல ஈரானியர் ஒரே மாதிரி உச்சரிக்கிறார்கள். தமிழில் எழுதினால் நமக்கும் இரண்டும் ‘வெஸ்ட்’தான். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.