இரட்டை பாட்டரி வண்டிகள்: அறுவடைக்கு முன் செய்ய வேண்டிய சோதனை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் நவரைப் பட்டத்து நெல் சித்திரையை ஒட்டி அறுவடைக்கு வருகிறது. கதிர் முற்றியபின் ஒரு கோடை மழை அடித்தாலும் பயிர் சாய்ந்துவிடும். உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கங்களில் அறுவடை இயந்திரத்தை மணிக் கணக்கில் வாடகைக்கு அமர்த்தும் சிறு விவசாயிக்கு, அன்றைக்கென்று வண்டி 'செல்ஃப்' எடுக்காமல் நின்றால் நஷ்டம் சிறிதல்ல. பல சமயம் குற்றம் எஞ்ஜினில் இருப்பதில்லை, பாட்டரியில்தான் இருக்கிறது.

லாரிகளிலும் பெரிய இயந்திரங்கள் சிலவற்றிலும் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகள் இருக்கும். ஒன்றன் பாசிட்டிவை மற்றதன் நெகட்டிவோடு இணைத்தால் 24 வோல்ட் கிடைக்கும். பாசிட்டிவோடு பாசிட்டிவும், நெகட்டிவோடு நெகட்டிவும் இணைத்தால் அதே 12 வோல்ட்தான்; ஆனால் சக்தி இரு மடங்கு. எந்த இணைப்பு என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

இரண்டையும் சேர்த்தே சோதிப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. 24 வோல்ட் இணைப்பில் மொத்தமாக அளந்தால் 24.6 காட்டலாம். பார்வைக்குக் குறையில்லை. தனித்தனியே அளந்தால் ஒன்று 12.7, மற்றொன்று 11.9 என்று வெளிப்படும். பக்கவாட்டு இணைப்பிலோ கெட்ட பாட்டரி நல்லதன் மறைவில் ஒளிந்துகொண்டு, அதன் சக்தியையும் இரவெல்லாம் உறிஞ்சிவிடும். ஆகவே வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, இணைப்பைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பாடியோடு சேர்ந்த நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

வோல்ட் மீட்டரில் 12.6க்கு மேல் இருந்தால் நிறைந்த சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12க்குக் கீழே இறங்கினால் உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும். அப்படியே விட்டால் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். மூடி திறக்கும் பாட்டரியாயின் ஹைட்ரோமீட்டரே நம்பகமான கருவி. நிறைந்த செல்லில் சுமார் 1250 முதல் 1280 வரை காட்டும், 1200 நடுத்தரம், 1120 ஏறக்குறைய காலி. சித்திரை வெயிலில் ஆசிட் சூடாயிருக்கும். 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 7 புள்ளி கூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு செல்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 50 புள்ளி குறைந்திருந்தால், சார்ஜ் ஏற்றிய பின் மறுபடி பார்க்கலாம். அப்போதும் அப்படியே இருந்தால் அந்த பாட்டரி தேறாது.

கடைசிச் சோதனை பாரம் கொடுத்துப் பார்ப்பது. கழற்றிய இணைப்புகளை மாட்டி, ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்தபடி பத்து விநாடி செல்ஃப் அடிக்க, வேறொருவர் ஒவ்வொரு பாட்டரியின் வோல்ட்டையும் கவனிக்க வேண்டும். எது 9.6க்குக் கீழே விழுகிறதோ அதுதான் வண்டியை நிறுத்துவது.

சார்ஜ் ஏற்றும்போதும் தனித்தனியே ஏற்றுவது நலம். ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும். 88 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 8 அல்லது 9 ஆம்பியர்; பாதி காலியாயிருந்தால் ஆறேழு மணி நேரம் ஆகும். அவசரத்தில் அதிக ஆம்பியர் கொடுத்தால் ஆசிட் கொதித்துத் தகடு வளையும். தகடு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் வடிநீர் விட்டு, மீதியை சார்ஜ் முடிந்தபின் நிரப்ப வேண்டும். கிணற்று நீர் கூடவே கூடாது. சார்ஜாகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வெடிக்கக் கூடியது. பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது.

24 வோல்ட் வண்டியில் ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் ஒயர் எடுத்து ரேடியோவோ விளக்கோ போடுவது டிரைவர்களிடம் பரவலான வழக்கம். இரண்டுக்கும் ஆல்டர்னேட்டர் தருவது ஒரே மின்சாரம்தான். விளக்குப் போட்ட பாட்டரி எப்போதும் பாதி வயிறாகவே இருக்கும். மற்றது அளவுக்கு மீறி ஏறித் தண்ணீரை இழக்கும். ஆறே மாதத்தில் ஜோடி கெட்டால் விற்ற கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒன்று மட்டும் போய்விட்டால் என்ன செய்வது? ஜோடி புதிதாயிருந்தால் அதே அளவு, அதே வகையில் ஒன்று மட்டும் மாற்றலாம். மூன்று நான்கு ஆண்டு ஆனதென்றால் இரண்டையும் மாற்றுவதே முடிவில் சிக்கனம். பழையதோடு சேர்ந்த புதியதும் சீக்கிரமே தளர்ந்துவிடும். நல்ல நிலையில் மிஞ்சியதை 12 வோல்ட் வேலைக்குத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

1859இல் பிரெஞ்சு அறிஞர் பிளான்டே செய்து காட்டிய ஈய-அமில முறைதான் இன்றும் இந்த பாட்டரிகளில் இருக்கிறது. ஈயம் விஷம் என்பதால் பழையதை வீட்டில் உடைக்கலாகாது. ஆசிட்டை வரப்பில் கொட்டவும் கூடாது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய பாட்டரியைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளரின் கடமை. புதியது வாங்கும்போது பழையதற்குரிய விலையைக் கழித்துக்கொள்ளும்படி கேட்டு வாங்கலாம்.