எரர் ரிப்போர்ட்: அனுப்பலாமா, வேண்டாமா?

எங்க ஊரு பனமரத்துப்பட்டி. பிரவுசிங் சென்டர்ல புரோகிராம் திடீர்னு மூடிக்கிட்டு, 'எரர் ரிப்போர்ட் அனுப்பவா?'ன்னு கேட்டா, பயந்துபோய் 'டோன்ட் சென்ட்' அழுத்திடுவேன். நான்தான் எதையோ கெடுத்துட்டேன்னு நினைப்பு.

ஆனா அது நம்ம மேல எழுதுற புகார் இல்ல. புரோகிராம் எந்த இடத்துல நின்னுச்சு, அப்போ மெமரியில என்ன இருந்துச்சுங்கிற குறிப்பு. இப்படி வந்த ரிப்போர்ட்டுகளை வெச்சுத்தான், சுமார் 20 சதவீத பிழைகளே 80 சதவீத கோளாறுகளுக்குக் காரணம்னு 2002ல மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டீவ் பால்மர் சொன்னார். அதாவது, ஒரே பிழையில பல பேர் மாட்டுறோம்; நிறைய ரிப்போர்ட் போனா, எதை முதல்ல சரிபண்ணணும்னு தெரியும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. நீங்க திறந்து வெச்சிருந்த ஃபைலோட ஒரு துண்டும் கூடவே போகலாம். ஆதார், பேங்க் விவரம்னா யோசிங்க. மத்தபடி தைரியமா அனுப்புங்க. தப்பு உங்க மேல இல்ல.