விளையாட்டுப் பெட்டியின் இசை

கணக்குப் போடும் சிறு கருவி ஒன்றில் பாட்டும் வாசிக்கலாம் என்று எவரேனும் சொன்னால், நம்மில் பலர் அதை வேடிக்கைப் பேச்சாகவே கொள்வோம். ஆயினும் 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் காசியோ நிறுவனத்தார் அத்தகைய கருவி ஒன்றையே கடைகளுக்கு அனுப்பினர். விஎல்-1 என்பது அதன் பெயர். நீளம் ஒரு முழத்திற்கும் குறைவு. கால்குலேட்டர் பொத்தான்களைப் போன்ற 29 கட்டைகளும், எண்கள் தோன்றும் சிறு சாளரமும் அதில் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். 1957ஆம் ஆண்டில் மின் கணக்குப் பொறியோடு தம் வாணிகத்தைத் தொடங்கியவர்கள் அவர்கள். ஆகவே கணக்கும் இசையும் ஒரே பெட்டியில் குடிபுகுந்ததில் வியப்பில்லை.

இத்தகைய மலிவான மின் இசைப் பெட்டிகள் அன்று குழந்தைகளுக்கான பிறந்தநாள் பரிசாகவே பெரும்பாலும் கருதப்பட்டன. இன்று அவற்றைப் பழம்பொருள் கடைகளில் தேடிப்பிடித்து, அவற்றைக் கொண்டே இசை அமைப்பவர்கள் பல நாடுகளில் இருக்கின்றனர். நல்ல கருவிகள் எத்தனையோ இருக்க, இவற்றை ஏன் நாட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே.

முதலில் இவை ஒலியை எவ்வாறு உண்டாக்குகின்றன என்பதைப் பார்ப்போம். வீணையில் தந்தி அதிர்கிறது. நாகசுரத்தில் சீவாளி அதிர்கிறது. இப்பெட்டிகளிலோ மின்னோட்டமே குறித்த வேகத்தில் ஏறி இறங்கி, ஒலிபெருக்கியின் வழியே சுரமாக வெளிவருகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் வடிவத்தை மாற்றினால் ஒலியின் குணமும் மாறும். விஎல்-1 கருவியில் இதைச் செய்யும் முறை விந்தையானது. கணக்குப் போடும் நிலையில் எட்டு இலக்க எண் ஒன்றை அழுத்த வேண்டும். முதல் இலக்கம் ஒலியின் வகையைக் குறிக்கும். அடுத்து வருவன அவ்வொலி எத்துணை விரைவில் எழுந்து, எத்துணை விரைவில் தணிந்து, எவ்வளவு நேரம் நின்று, எப்படி மறைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். இறுதி இரண்டும் ஒலியின் அசைவுக்கும் நடுக்கத்துக்கும் உரியவை. ஒருவர் தாம் கண்டுபிடித்த ஒலியை நண்பருக்கு அனுப்ப விரும்பினால், அஞ்சலட்டையில் எட்டு இலக்கங்களை எழுதிப் போட்டாலே போதும்!

அந்நிறுவனத்தின் தொடக்ககாலக் கருவிகளில் கையாளப்பட்ட மற்றொரு முறை தமிழருக்கு எளிதில் விளங்கும். இசையொலி ஒவ்வொன்றும் தொடக்கத்தில் ஒரு தட்டலும், பிறகு நீளும் நாதமும் உடையது. அவற்றை முறையே மெய்யெழுத்தென்றும் உயிரெழுத்தென்றும் கொண்டு, தனித்தனியே அமைத்துச் சேர்ப்பது அம்முறை. பியானோவின் தட்டலோடு புல்லாங்குழலின் நாதத்தைச் சேர்த்தால் உலகில் இல்லாத ஒரு வாத்தியம் பிறக்கும். உயிர்மெய் இலக்கணம் பயின்ற நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. கட்டைக்குக் கட்டை சுரம் நிலைத்து நிற்பதால் இவற்றில் கமகம் பேசாது. நம் நாட்டு வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கி வைத்திருந்ததற்கும் இத்தகைய காரணமே சொல்லப்பட்டது. தோடியை இப்பெட்டியில் வாசிக்க முயல்பவர் தம் பொறுமையையும் கேட்பவர் பொறுமையையும் சோதிப்பவரே ஆவார். ஆனால் ராகத்தின் நெளிவுகளுக்காக இப்பெட்டிகளை எவரும் வாங்கியதில்லை. இவற்றின் வலிமை தாளத்திலும், திரும்பத் திரும்ப வரும் சிறு சுரக்கோவையிலும், ஒருவகைக் கரடுமுரடான ஒலியிலும் உள்ளது. ஜெர்மனியின் டிரியோ என்ற குழுவினர் 1982இல் வெளியிட்ட 'டா டா டா' என்ற பாட்டில், விஎல்-1 கருவியின் சன்னமான 'டிக் டிக்' தாளம் ஏறக்குறைய மாற்றமின்றி அப்படியே ஒலிக்கிறது. அப்பாட்டு பல நாடுகளில் வெற்றி பெற்றது.

இதனினும் வியப்புக்குரியது ஜமைக்காவில் நடந்தது. 1980இல் இசைக் கல்லூரிப் படிப்பை முடித்துக் காசியோவில் பணிக்குச் சேர்ந்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற பெண்மணி. அவர் பட்டத்திற்காக எழுதிய ஆய்வுரை, ஜமைக்கா நாட்டின் ரெகே இசையைப் பற்றியது. பணியில் சேர்ந்தவுடன் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலைகளுள் ஒன்று, 1981இல் வெளிவந்த எம்டி-40 என்ற சிறு கருவிக்குத் தாளங்களை அமைப்பது. பொத்தானை அழுத்தினால் தாளமும், அதனோடு இழையும் மந்தர சுரக்கோவையும் தாமே ஓடும். அவற்றுள் 'ராக்' என்று பெயரிட்ட ஒன்றும் இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து அக்கருவிகளுள் ஒன்று கிங்ஸ்டன் நகரில் நோயல் டேவி என்பவர் கையில் இருந்தது. அவரும் வெயின் ஸ்மித் என்ற இளம் பாடகரும் அந்த 'ராக்' தாளத்தைக் கேட்டு, இதுவே தங்களுக்கு வேண்டியது என்று கண்டுகொண்டனர். ஒலிப்பதிவாளர் கிங் ஜாமி அதன் வேகத்தைக் குறைத்து, பியானோ ஒலியையும் கைதட்டலையும் சேர்த்தார். 1985இல் 'அண்டர் மி ஸ்லெங் டெங்' வெளிவந்தது. ஜமைக்காவில் ஒரே தாளக்கோவையின் மீது பல பாடகர்கள் தத்தம் பாட்டைப் பாடுவது வழக்கம். இதன்மீது எழுந்த பாட்டுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. கணிப்பொறித் தாளம் அதற்கு முன்பே அங்கு எட்டிப் பார்த்திருந்தாலும், ஒரு நாட்டின் இசையையே திசை திருப்பியது இதுதான். ஒகுடா அம்மையாருக்கோ இச்செய்தி பின்னர் இசை இதழ் ஒன்றின் வாயிலாகவே தெரியவந்தது. ரெகேயை விரும்பிப் பயின்றவர் அமைத்த தாளத்தை, ரெகேயின் தாயகத்தார், அவர் யாரென்றே அறியாமல் கண்டெடுத்தார்கள்! காசியோ நிறுவனத்தார் உரிமைத்தொகை கேட்டு எவர் மீதும் வழக்குத் தொடுக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. அதுவரை கிங்ஸ்டனின் ஒலிப்பதிவு நிலையங்களில் டிரம் அடிப்பவர், பாஸ் கித்தார் வாசிப்பவர், குழல் ஊதுபவர் என ஒரு கூட்டமே கூலி பெற்று வந்தது. ஒரு பெட்டியும் ஒரு பாடகரும் போதும் என்றானபின், அவர்களுள் பலருக்கு வேலை குறைந்தது. வாத்தியக்காரர்களை அமர்த்தப் பணமில்லாத இளைஞனுக்குக் கதவு திறந்தது. பல்லாண்டு கையைப் பழக்கிய கலைஞனுக்கு அதே கதவு சாத்தப்பட்டது. மலிவான கருவியைப் புகழ்வோர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைக்க வேண்டும்.

எஸ்கே-1 என்ற கருவி 1980களின் நடுவில் வந்தது. இது வெளியொலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதையே சுரமாக வாசிக்க வல்லது. அத்தகைய ஆற்றல் அதுவரை செல்வம் படைத்த ஒலிப்பதிவு நிலையங்களுக்கே உரியதாக இருந்தது. இதன் விலையோ அமெரிக்காவில் ஏறத்தாழ 100 டாலர். இதிலுள்ள ஒலிவாங்கி, வினாடிக்கு 9,000க்குச் சற்று மேற்பட்ட முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 256 படிகளுள் ஒன்றாகக் குறித்துக்கொள்ளும். பிடிக்கக்கூடிய நேரம் 1.4 வினாடி மட்டுமே. அளவெடுக்கும் வேகம் குறைவாதலால் மேல்நிலை ஒலிகள் விடுபடும். குரல் பழைய தொலைபேசியில் கேட்பது போல் இருக்கும். மேல்கட்டையில் வாசித்தால் பதிவு விரைந்து ஓடிக் கீச்சென்று ஒலிக்கும். கீழ்க்கட்டையில் சோம்பி இழுபடும். குக்கரின் சீழ்க்கை, தெருவில் காய்கறி விற்பவரின் கூவல், வீட்டுக் குழந்தை 'அம்மா' என்றழைப்பது ஆகிய எல்லாம் இவ்வகையில் இசைக்கு உதவும். டில்லியிலோ நாகபுரியிலோ இரண்டறை வீட்டில் வாழும் நம்மவருக்கு, பெட்டியடியில் துணியோடு வைத்து ரயிலில் கொண்டுசெல்லக்கூடிய வாத்தியம் வேறு எத்தனை உண்டு?

பெட்டியைத் திறந்து உள்ளிருக்கும் மின்சுற்றையே மாற்றி, எதிர்பாராத ஒலிகளை எழுப்புவோரும் உண்டு. ரீட் கசாலா என்ற அமெரிக்கர் 1966இல், மேசை இழுப்பறையில் மூடியின்றிக் கிடந்த சிறு மின்கலப் பெருக்கி ஒன்று ஏதோ உலோகத்தில் பட்டு விந்தையாக ஒலித்ததைக் கேட்டார். அதிலிருந்து இக்கலை வளர்ந்தது. மின்கலத்தில் இயங்கும் கருவியில் மட்டுமே இதைச் செய்யலாம். சுவரிலுள்ள மின்னிணைப்போடு சேர்ந்திருக்கையில் மூடியைத் திறப்பது உயிருக்கு ஆபத்து.

பழைய பெட்டியை வாங்குவோர் முதலில் மின்கலம் வைக்கும் இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் மின்கலம் கசிந்திருக்கிறது என்று பொருள். விலையைக் குறைத்துக் கேட்கலாம். அடாப்டர் வாங்குமுன் நேர்முனை, எதிர்முனைக் குறிகளைப் பெட்டியின் மீதுள்ள படத்தோடு ஒப்பிட வேண்டும். பழைய காசியோ கருவிகள் பலவற்றில் நடுமுனை எதிர்முனையாகும், இக்காலத்து அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. சில கட்டைகள் ஊமையாக இருந்தால் மனம் தளர வேண்டாம். மின்கலங்களை நீக்கிவிட்டு, கட்டைகளுக்கு அடியிலுள்ள ரப்பர்ப் பட்டையையும் அது தொடும் கரும்பூச்சையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் மெல்லத் துடைத்து, நன்றாக உலரவிட்டு மூடினால், பெரும்பாலும் அவை மறுபடி பேசத் தொடங்கும்.