பாட்டனார் பூமியும் பந்தியில் ஓர் இடமும்



சாமுவேல் இரண்டாம் நூலின் 4ஆம் அதிகாரத்தில், ஒரு சிறுவனைப் பற்றி ஒரே ஒரு வசனம் வருகிறது. சவுல் மன்னரும் அவர் மகன் யோனத்தானும் போரில் மடிந்த செய்தி வந்தபோது, யோனத்தானின் மகனுக்கு ஐந்து வயது. செவிலித்தாய் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஓடிய அவசரத்தில் பிள்ளை கீழே விழுகிறான். இரண்டு கால்களும் முடமாகிவிடுகின்றன. அவன் பெயர் மெபிபொசேத்து. அதன்பின் பல ஆண்டுகள் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. தலைநகருக்கு வெளியே யாரோ ஒருவர் வீட்டில் வளர்கிறான். தாவீது அரசர் ஆளனுப்பித் தேடும்போதுதான், 9ஆம் அதிகாரத்தில், அவனை மீண்டும் பார்க்கிறோம்.

தாவீது செய்தவை இரண்டு. முதலில், பாட்டனார் சவுலின் நிலம் முழுவதையும் திருப்பிக் கொடுக்கிறார். அதை உழுது பயிரிட ஆள்களையும் ஏற்பாடு செய்கிறார். பிறகு, அரசப் பந்தியில் எந்நாளும் தம்மோடு அமர்ந்து உண்ணச் சொல்கிறார். இந்த வரிசையைக் கவனிப்போம். காடு, தோட்டம் என்றால் என்னவென்று அறிந்த நம் கொங்கு மண்ணில் இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அவருக்குத் தர்மமாக ஒரு படி அரிசி அளக்கப்படவில்லை. அவருக்குச் சேர வேண்டிய பூமி அவர் கைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் விருந்து.

ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் நாளை மாற்றுத்திறனாளிகள் நாளாக உலகம் கடைப்பிடிக்கிறது. 1992இல் ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த நாள் அது. அந்த நாளில் நாம் இனிப்பும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஏதேனும் ஓர் இல்லத்துக்குச் சென்று வருகிறோம். அது நல்லதுதான். ஆனால் நம் தெருவிலேயே, நம் அன்பியத்திலேயே, கதவுக்குப் பின்னால் ஒரு மெபிபொசேத்து இருக்கக்கூடும்.

சிங்காநல்லூர்ப் பக்கம் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு ஷிப்டு மில்லுக்குப் போகிற வீடுகள் உண்டு. பேச்சு வராத, நடக்க முடியாத பிள்ளை பாட்டியின் பொறுப்பில் விடப்படுகிறது. பாட்டியும் இல்லையென்றால் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெற்றோருக்குப் பாசம் இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. கூலியை விட்டால் அடுப்பு எரியாது. அக்காளைப் பெண் பார்க்க வரும் நாளில், தம்பியைப் பெரியம்மா வீட்டில் விட்டுவரும் வழக்கமும் நமக்குத் தெரியாததல்ல. "என்ன பாவம் பண்ணினாங்களோ" என்று ஊர் பேசுமே என்ற அச்சம். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் சீடர்களே அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பிறவியிலேயே பார்வையற்றிருந்தவர் பாவம் செய்தாரா, அவரைப் பெற்றவர்கள் செய்தார்களா என்றார்கள். இரண்டுமில்லை என்பதே இயேசு தந்த பதில். இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தப் பதிலை வாசித்து வருகிறோம். ஆயினும் கேள்வி நம் திண்ணைகளை விட்டுப் போகவில்லை.

பள்ளிக்கூட வாசலில் இதே எண்ணம் வேறு சொற்களில் வருகிறது. "இங்கே மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சலா இருக்குமுங்க, சிறப்புப் பள்ளிக்கே கூட்டிட்டுப் போயிருங்க" என்று மெதுவாகத்தான் சொல்வார்கள். சிறப்புப் பள்ளிகள் நம் மரியாதைக்குரியவை. சில பிள்ளைகளுக்கு அவையே ஏற்றவை. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஒன்றுதான் வழி என்ற எண்ணம் தவறு என்பதை நம் கோவையே நாட்டுக்குக் காட்டியிருக்கிறது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்த்துப் படிக்கவைக்கும் திட்டத்தை மத்திய அரசு 1974இல் கொண்டுவந்தது. திட்டம் இருந்தது, அதை நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் வேண்டியிருந்தது. அந்தப் பயிற்சியில் முன்னின்ற இடங்களுள் ஒன்று, பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம். பார்வையற்ற பிள்ளை தன் ஊர்ப் பள்ளியில் மற்றவர்களோடு அதே வகுப்பில் அமரும். பிரெயில் எழுத்து, மணிச்சட்டத்தில் கணக்கு, கோல் ஊன்றித் தனியே நடப்பது ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் கற்றுத்தருவார். பாடத்தை வகுப்பாசிரியர் நடத்துவார். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்பது கணக்கு. அங்கே பணியாற்றிய பேராசிரியர் எம்.என்.ஜி. மணி, பார்வையற்றோர் கல்விக்கான பன்னாட்டு மன்றத்தின் தலைமைச் செயலராகவும் இருந்தார். அதன் செயலகமே அந்த வளாகத்திலிருந்து இயங்கியது. பல நாடுகளின் பார்வையற்ற பிள்ளைகள் பள்ளி செல்வதற்கான கடிதங்கள் மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து போயிருக்கின்றன. ஆகவே, "இதெல்லாம் வெளிநாட்டுக்குச் சரி, நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று கோவையில் இருந்துகொண்டு சொல்வது பொருந்தாது.

இனி, பூமிக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் கணக்கில் எடுத்தது; இது ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு நோய் உட்பட 21 வகைகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள, 6 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கல்வி உரிமை உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்துகொள்வது குடும்பத்தின் உரிமை. தலைமையாசிரியர் எடுக்கும் முடிவு அல்ல. பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளும் கடமை அரசு நிதி பெறும் பள்ளிக்கும் உண்டு. அரசின் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் உண்டு. நம் திருச்சபை நடத்தும் பள்ளிகள் இதற்கு விலக்கல்ல என்பதைத் தாழ்மையோடு நினைவில் கொள்வோம். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித்தரும் உதவியாளர், மொழிப்பாடச் சலுகை ஆகியவை கேட்டுப் பெறத்தக்கவை. பள்ளிக்கே வர இயலாத பிள்ளையின் வீடு தேடி வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள்.

பிள்ளை இன்னும் சிறியதா? கழுத்து நிற்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் "தானா சரியாப் போயிரும், அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று காலம் கடத்த வேண்டாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடக்க நிலையிலேயே கண்டறிந்து பயிற்சி தரும் மையம் இருக்கிறது. காது கேளாத சிறு பிள்ளைக்கு உள்காதுக் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. ஆனால் ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும். அந்த வயது தாண்டியபின் வந்து நிற்கும் தாயிடம் என்ன சொல்வது?

எல்லாவற்றுக்கும் திறவுகோல் ஓர் அட்டை: யூடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. மருத்துவர் குழு பாதிப்பின் அளவைச் சான்றளித்தபின் அது கிடைக்கும். உதவித்தொகை, பேருந்துச் சலுகை, கருவிகள் எல்லாம் அதைத் தொட்டே வரும். சான்று வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியது போல் ஆகிவிடுமே என்று தயங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அது பூமிக்குப் பட்டா மாதிரி என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். மருத்துவர் குழு முன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்க ஒரு நாள் கூலி போகும். அன்பியத்திலிருந்து ஒருவர் வண்டியோடு துணைக்குப் போவது, ஒரு மூட்டை அரிசியைவிடப் பெரிய உதவி.

பந்தி என்று சொன்னோமே, அது நம் கோவிலுக்குள் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் அவரவர் நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்கிறது திருச்சபைச் சட்டம் 777. அவர்களுக்குத் திருவருள்சாதனங்களை மறுக்கக்கூடாது என்று 2020இல் வெளிவந்த மறைக்கல்வி வழிகாட்டி நூல் தெளிவாகக் கூறுகிறது. அப்படியிருக்க, மந்திரங்களை மனப்பாடமாகச் சொல்லவில்லை என்று ஒரு பிள்ளையின் புதுநன்மையைத் தள்ளிவைக்க இடமில்லை. திருப்பலி நடுவில் ஒரு பிள்ளை சத்தமிட்டால் பத்துத் தலைகள் திரும்புகின்றன. அந்தத் தாய் அடுத்த ஞாயிறு வருவதில்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டப் பணம் வேண்டும். தலையைத் திருப்பாமலிருக்க எந்தச் செலவும் இல்லை.

பெற்றோர் கடைசியாகக் கேட்பது ஒன்றுதான்: "நாங்க போன பிறகு இவனை யாருங்க பார்ப்பாங்க?" 18 வயது நிறைந்ததும், பெற்றவர்களேயானாலும், சட்டப்படி அவர்கள் இயல்பான பாதுகாவலர்கள் அல்ல. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். பெற்றோர் உயிரோடும் திடமாகவும் இருக்கும்போதே அண்ணன், அக்காள், தாய்மாமன் என எல்லாரையும் உட்காரவைத்துப் பேச வேண்டிய காரியம் இது. விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். தனியாகப் போகத் தயங்கினால், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்; கூடவே வருவார்.